வாசகர் கேள்வி பதில்: எதிலும் மோதாமல் விழுந்தவர்களுக்கு

காலபோக அறுவடை முடிகிற மாதங்களில் எனக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். நெல் ஏற்றும் ட்ரக்டர், ஆட்களை ஏற்றும் லாண்ட்மாஸ்டர் (ஹாண்டில் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு மெசின்), வயலுக்கும் ஆலைக்கும் ஓயாமல் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வன்னி வீதிகளில் அப்போது இரவு பகல் கிடையாது. இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே வசனம் திரும்பத் திரும்ப இருந்தது: “ஒண்டிலயும் அடிபடேல்லை அக்கா, சும்மா விழுந்ததுதான்.” அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்த காலத்திலும் நான் அதிகம் கேட்டது இதைத்தான். வேறு வாகனமோ மரமோ மதிலோ சம்பந்தப்படாவிட்டால் நம் ஆட்கள் அதை விபத்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள், முதலாளியிடம் சொல்ல மாட்டார்கள், வீட்டிலும் பாதியை மறைப்பார்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இப்படி விழுந்தவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. முரசுமோட்டையில் இருக்கிறேன், வயது 24. முந்தநாள் இரவு பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் வரும்போது நடுரோட்டில் மாடு படுத்திருந்தது. வெட்டி எடுத்தேன், மாட்டில் முட்டவில்லை. ஆனால் கரை மணலில் முன்சில்லு சறுக்கி விழுந்துவிட்டேன். ஹாண்டில் நுனி இடப்பக்க விலாவுக்குக் கீழே குத்தியது. தோல்கூடக் கிழியவில்லை, ஒரு சிவப்பு வட்டம் மட்டும். இப்போது வயிறு உப்பின மாதிரி இருக்கிறது, சாப்பிட மனமில்லை. இடது தோளும் நோகிறது, ஆனால் தோளில் அடிபட்ட ஞாபகம் இல்லை. அம்மா எண்ணெய் பூசி விடுகிறா. ஆஸ்பத்திரிக்குப் போக வேணுமா?

பதில்: தம்பி, உங்கள் மின்னஞ்சலைக் கண்ட உடனேயே நான் தொலைபேசியில் அழைத்ததும், அன்று பின்னேரமே நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் உங்களுக்குத் தெரியும். ஸ்கான் செய்து பார்த்ததில் மண்ணீரலில் சிறிய கிழிவு. வெட்டாமல், வார்டில் வைத்துக் கவனித்தே சுகப்படுத்தி அனுப்பினார்கள். மற்றவர்களும் அறியட்டும் என்று நீங்கள் சம்மதித்ததால்தான் இதைப் போடுகிறேன்.

மோட்டார் சைக்கிள் ஹாண்டிலின் நுனி ஒரு சின்ன வட்டம். விழும்போது உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரே வட்டத்தின் மேல் இறங்கும். வயிற்றுத் தோல் இழுபடும், அதனால் கிழியாது. அதன் பின்னால் இடப்பக்கம் மண்ணீரல், வலப்பக்கம் ஈரல், நடுவில் முதுகெலும்போடு ஒட்டிக் கணையம். இவை இழுபடுகிற உறுப்புகள் அல்ல. மண்ணீரல் கிழிந்தால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். வெளியில் ஒரு சொட்டும் தெரியாது. சிலருக்குக் கசிவு மெதுவாகவே இருக்கும். மண்ணீரலைச் சுற்றியுள்ள உறை சில நாள் தாங்கிவிட்டுப் பிறகு வெடிப்பதும் உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்தத் தோள் வலிதான். வயிற்றுக்குள் இரத்தம் தேங்கி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது, நரம்பின் வழியாக அந்த வலி இடது தோளில் தெரியும். படுக்கும்போது கூடும். தோளை அழுத்திப் பார்த்தால் நோகாது. தோளில் அடிபடாதவர் விழுந்த பிறகு தோள் வலி என்றால், எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். தலைச்சுற்று, கைகால் குளிர்தல், வெளிறிய முகம், நாடி வேகமாக அடித்தல் ஆகியவையும் சேர்ந்தால் 1990 ஐ அழையுங்கள். காசு கேட்காத அம்புலன்ஸ் அது, வடக்கில் 2018 முதல் ஓடுகிறது. அந்த நிலையில் உள்ளவரை இன்னொரு மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோக வேண்டாம். வயிற்றை உருவிவிடவும் கூடாது. தாய்மார் அன்போடு செய்கிற காரியம்தான், ஆனால் கிழிந்த மண்ணீரலை உருவுவது மேலும் கிழிப்பதற்குச் சமம்.

மாடுகளைப் பற்றியும் ஒன்று. பகல் வெயிலில் சூடான தார் இரவிலும் வெதுவெதுப்பாக இருப்பதால் அவை வந்து படுக்கின்றன. கறுத்த மாடு கறுத்த ரோட்டில் படுத்திருந்தால் லைற் வெளிச்சம் கிட்டப் போகும்வரை தெரியாது. வேகத்தைக் குறைத்து நேராகப் பிறேக் பிடிக்க முடிந்தால் அதுவே நல்லது. தாரை விட்டு மணலுக்குள் இறக்கி வெட்டுகிறவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் விசுவமடு. என் கணவர் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டரில் நெல் மூடை ஏற்றிக்கொண்டு குளக்கட்டிலிருந்து இறங்கும்போது, இடப்பக்கம் திருப்பப் பார்க்க அது வலப்பக்கம் திரும்பிவிட்டது. ஹாண்டில் சுழன்று நெஞ்சில் அடித்து ஆளை வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டது. மூன்று விலா வெடிப்பு என்றார்கள். அவருக்கு 20 வருடப் பழக்கம். குடிக்காத மனிசன். ஆனாலும் ஊரில் “வெறியில விழுந்திருப்பார்” என்று கதை கட்டுகிறார்கள். இது எப்படி நடந்தது?

பதில்: தங்கச்சி, உங்கள் கணவரில் பிழை சொல்கிறவர்கள் அந்த மெசினை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் வட்டக்கச்சியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் அண்ணரிடம் லாண்ட்மாஸ்டர் இருந்தது. வீட்டு இளைஞர்களுக்கு அவர் முதலில் படிப்பித்தது இந்த ஒன்றைத்தான்.

ஹாண்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருப்பும் கிளச் இருக்கிறது. சமதரையில் இடக் கிளச்சை அமத்தினால் இடச்சில்லுக்கு எஞ்சினின் தள்ளு போகாது. வலச்சில்லு மட்டும் தள்ளுவதால் மெசின் இடப்பக்கம் திரும்பும். சரி, இறக்கத்தில் என்ன நடக்கிறது? பெட்டியில் உள்ள மூடைகளின் பாரம் பின்னாலிருந்து தள்ளுகிறது. அப்போது எஞ்சின் சில்லுகளைத் தள்ளுவதில்லை, ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இடக் கிளச்சை அமத்தியதும் அந்தப் பிடி இடச்சில்லில் மட்டும் விட்டுப்போகும். இடச்சில்லு விரைந்து உருளும், வலச்சில்லு பிடிபட்டே இருக்கும். மெசின் வலப்பக்கம் திரும்பும். கை பழக்கப்படி இன்னும் அழுத்தமாக அமத்தும், அது இன்னும் மாறித் திரும்பும். இருபது வருடப் பழக்கம்தான் அந்த நேரத்தில் கையைப் பிழையாக இழுக்கிறது.

செய்ய வேண்டியது இறக்கம் தொடங்குவதற்கு முன்பே. மேலே நின்று ஆகக் குறைந்த கியருக்கு மாற்றுங்கள், எஞ்சினின் வேகத்தைக் குறையுங்கள், நடு இறக்கத்தில் கியரைத் தொடாதீர்கள். பெட்டியின் கால் பிறேக் வேலை செய்கிறதா என்பதை மூடை ஏற்றுவதற்கு முன் பாருங்கள். பல பெட்டிகளில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. இறக்கத்தில் திருப்ப வேண்டிவந்தால் கிளச்சை விட்டுவிட்டு ஹாண்டிலை உடம்பால் தள்ளித் திருப்புங்கள். கட்டு செங்குத்து என்றால் பாதி மூடையோடு இரண்டு நடை போகலாம்.

விலாவுக்கு வருவோம். நெஞ்சைச் சுற்றிச் சேலைத் துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. செய்யாதீர்கள். கட்டினால் மூச்சு ஆழமாக இழுபடாது, சளி தேங்கி நுரையீரலில் கிருமி பிடிக்கும். மருத்துவர் தந்த வலி மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள். நோவைத் தாங்குவதில் பெருமை எதுவும் இல்லை, நோகாமல் இருந்தால்தான் மூச்சு விட முடியும். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மணிக்கொரு தடவை ஆழமாக மூச்செடுத்து இருமச் சொல்லுங்கள். காய்ச்சல், மூச்சு முட்டல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.

ஊர்க்கதைக்கு, இந்தப் பக்கத்தை வெட்டி வேலியில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: சைலன்சரில் கால் பட்டு வெந்துவிட்டது. பற்பசை பூசலாமா? – ஒரு மாணவி, மாங்குளம்

பதில்: வேண்டாம் மகள். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், பற்பசை, கோப்பித்தூள் ஒன்றும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். உங்கள் உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தாலோ, வெந்த இடம் வெள்ளையாகி உணர்வில்லாமல் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறேன். ட்ரக்டர் சேற்றில் புதைந்தால் பின்சில்லுகளுக்குக் குறுக்கே மரக்குற்றியைச் சங்கிலியால் கட்டி, முன்னுக்கு எடுத்து வெளியேற்றுவோம். போன கிழமை என் மருமகன் அப்படி எடுக்க முன்சில்லு இரண்டும் மேலே எழும்பிவிட்டது. பாய்ந்து தப்பினான், கணுக்கால் மட்டும் முறிவு. காலம் காலமாகச் செய்கிற வேலை இது. ஏன் இப்படி நடந்தது?

பதில்: ஐயா, உங்கள் மருமகன் முறிந்த கணுக்காலோடு தப்பியதற்குக் கோயிலில் பொங்கல் வையுங்கள். இந்த வேலையில் தப்புகிறவர்கள் குறைவு.

எஞ்சின் பின் அச்சைச் சுற்றுகிறது. சில்லு சுழல முடிந்தால் சில்லு சுழலும். குற்றி சேற்றில் முட்டி நின்று சில்லைச் சுழலவிடாமல் பிடித்தால், எஞ்சினின் பலம் போவதற்கு வேறு வழி கிடையாது. சில்லு நிற்க, மெசினின் உடம்பு அச்சைச் சுற்றிக்கொண்டு மேலே எழும்பும். முன்சில்லு நிலத்தை விட்டதிலிருந்து ட்ரக்டர் மல்லாந்து விழுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடிதான் ஆகும். அதில் பாதி நேரம் போனதும், கிளச்சை மிதித்தாலும் அது திரும்பி வராது. “எழும்பினால் கிளச்சை மிதிக்கலாம்” என்று இளம் பொடியன்கள் சொல்வார்கள். என்ன நடக்கிறது என்று மூளைக்குப் படுவதற்குள்ளேயே அந்த நேரம் முடிந்துவிடும். கீழே இருப்பவரின் மேல் ஸ்ரியரிங் வந்து அமரும். சேறு மெத்தென்று இருக்கும், அதனால் நசியாது என்று நினைக்காதீர்கள். சேற்றுக்குள் முகம் புதைந்து மூச்சடைத்துப் போனவர்களையும் எங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை. அந்த முகங்களை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

புதைந்தால் முதலில் பெட்டியைக் கழற்றுங்கள். சில்லுக்குப் பின்னால் உள்ள சேற்றை மண்வெட்டியால் வெட்டியெடுத்து, பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். பின்னுக்கு எடுக்கும்போது முன்பக்கம் எழும்பாது. வராவிட்டால் இன்னொரு மெசினைக் கூப்பிடுங்கள். கயிற்றை அந்த மெசினின் பின்னால் உள்ள கீழ்க் கொழுவியில் மட்டும் பூட்டுங்கள். அச்சின் உயரத்திலோ அதற்கு மேலேயோ பூட்டினால் இழுக்கிற மெசினும் அதே மாதிரி மல்லாக்கும். இழுக்கும்போது கயிற்றின் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

சுவீடனில் 1959 ஆம் ஆண்டிலேயே புதிய ட்ரக்டர்களுக்குப் பாதுகாப்புக் கம்பிச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. ஆசனத்துக்குப் பின்னால் வளைவாக நிற்குமே, அந்த இரும்புச் சட்டம்தான். மெசின் புரண்டாலும் ஓட்டுபவருக்கு ஒரு இடைவெளியை அது காத்துக் கொடுக்கும். அதன் பிறகு அங்கே ட்ரக்டர் புரண்டு சாகிறவர்கள் மிகவும் குறைந்துபோனார்கள். நம் வயல்களில் அந்தச் சட்டம் இல்லாத பழைய மெசின்கள் நிறைய. சில இடங்களில் பந்தலுக்குள் விட இடைஞ்சல் என்று இருந்த சட்டத்தையும் கழற்றி வைக்கிறார்கள். சட்டம் உள்ள மெசின் என்றால் பட்டியையும் போடுங்கள், இல்லாவிட்டால் எறியப்பட்டு அதே சட்டத்தின் கீழ் நசிவீர்கள். சட்டம் இல்லாத மெசினில் பட்டி போடக் கூடாது.

இன்னொன்றும் கேளுங்கள். பற்றறி இறங்கிய மெசினை, பின்சில்லுக்கு முன்னால் நின்றுகொண்டு ஸ்ராட்டரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தொடுத்து ஸ்ராட் பண்ணுவதும் இங்கே சாதாரணம். மெசின் கியரில் இருந்தால் ஸ்ராட் ஆன கையோடு அந்தச் சில்லு நிற்கிறவரின் மேலேயே ஏறும். மெசினை ஆசனத்தில் இருந்தே ஸ்ராட் பண்ணுங்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் ஹயர் வான் ஓடுகிறேன். முறிகண்டிக்குக் கிட்ட ஒரு பிள்ளை கச்சான் பையோடு குறுக்கே ஓட, முழுப் பிறேக் போட்டேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, வானில் ஒரு கீறலும் இல்லை. அடுத்த நாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முதலாளி, “வான் எதிலயும் முட்டேல்லை, உனக்கென்ன விபத்து?” என்கிறார். இரண்டு கிழமையாகச் சம்பளம் இல்லை.

பதில்: தம்பி, அந்தப் பிள்ளையின் வீட்டார் உங்களை நினைத்துக் கும்பிட வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வான் நின்றது, பட்டி உங்கள் நெஞ்சை நிறுத்தியது, தலையை நிறுத்த எதுவும் இருக்கவில்லை. நாலைந்து கிலோ பாரமான தலை முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தது. கழுத்தின் தசைகளும் இணைப்பு நார்களும்தான் அதைப் பிடித்து நிறுத்தின. அவை இழுபட்ட நோவு உடனே தெரியாது. வீக்கம் ஏற ஒரு இரவு, சிலருக்கு இரண்டு நாள் எடுக்கும். அதனால் அடுத்த நாள் வந்த வலி என்பதைக் காரணம் காட்டி யாரும் உங்களைப் பொய்யராக்க முடியாது.

பெரும்பாலும் சில கிழமைகளில் மாறும். கழுத்துப் பட்டியை நாள் முழுவதும் போட்டுக்கொண்டு படுத்திருப்பது சுகத்தைத் தள்ளிப்போடும். நோவுக்கு மருந்து எடுத்துக்கொண்டு, முடிந்தமட்டும் கழுத்தை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பழகுங்கள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் நோவில்லாமல் திரும்பிப் பார்க்க முடியும்வரை வான் ஓட்டாதீர்கள். கை விறைப்பு, கையில் பலம் குறைதல், நடக்கத் தடுமாற்றம், சலம் அடக்க முடியாமை, நடு முள்ளந்தண்டைத் தொட்டாலே நோதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது தசைப் பிடிப்பு அல்ல. உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். திரும்ப வேலைக்குப் போகும்போது ஆசனத்தின் தலைதாங்கியை உச்சந்தலை மட்டத்துக்கு உயர்த்தி, தலைக்குக் கிட்டவாக வையுங்கள். பிடரிக்குக் கீழே கிடக்கும் தலைதாங்கி பயன் தராது.

சம்பளக் கதைக்கு: 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்த வேலையின் காரணமாக வந்த காயமா என்பதுதான் அதில் கேள்வி. வாகனம் எதிலாவது முட்டியதா என்று அது கேட்பதில்லை. ஆஸ்பத்திரித் துண்டு, அன்றைய ஹயரின் விவரம், அதில் வந்த ஒருவரின் வாக்கு, இவற்றை எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்தில் போய் விசாரியுங்கள். முதலில் முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்திருங்கள். வாய்ப் பேச்சோடு நிற்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, துணுக்காயில் ஆசிரியையாக இருக்கிறேன். கிரவல் வீதியில் ஸ்கூட்டி சறுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். பத்து நாள் போயும், வெண்கட்டி பிடித்து எழுதப் பெருவிரல் அடியில் நோகிறது.

பதில்: பெருவிரலை மேலே நிமிர்த்துங்கள். மணிக்கட்டுப் பக்கம் இரண்டு நரம்புக்கு நடுவில் ஒரு சின்னக் குழி தெரியும். அந்தக் குழிக்குள் மற்றக் கை விரலால் அழுத்திப் பாருங்கள். நோகிறதா? அப்படியென்றால் திரும்பவும் போங்கள். அங்கே ஸ்கபொயிட் என்று சிறிய எலும்பு இருக்கிறது. அதன் வெடிப்பு முதல் நாள் எக்ஸ்ரேயில் பல தடவை தெரியாது. பத்து, பதினான்கு நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியும். அந்த எலும்புக்கு இரத்தம் ஒரு பக்கத்தால்தான் போகிறது. வெடிப்பைக் கவனிக்காமல் விட்டால் மறுபக்கத் துண்டு இரத்தம் கிடைக்காமல் செத்துப்போகும், பிறகு வாழ்நாள் முழுக்க மணிக்கட்டு நோதான். “முதல் படத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள், ஆனால் இந்தக் குழி நோகிறது” என்று இதே சொற்களில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிரவல் உரசிய காயம் இருந்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டு, கல் தெரியாமல் போகும்வரை கழுவ வேண்டும். கடைசியாக ஏற்பு ஊசி போட்டு ஐந்து வருடம் கடந்திருந்தால் அதையும் கேட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஓட்டோ வளைவில் சரியும்போது காலை ஊன்றிப் பிடித்தேன். கால் இரண்டு இடத்தில் முறிவு. – ஓட்டோ சாரதி, வவுனியா

பதில்: ஆட்களோடு சேர்த்துப் பல நூறு கிலோ பாரம் சரியும்போது ஒரு மனிதக் கால் அதைத் தாங்காது தம்பி. முன்னால் ஒரே சில்லு இருப்பதால், திருப்பிக்கொண்டே பிறேக் பிடித்தால் பாரம் முன் மூலைக்குப் போய் ஓட்டோ சரியும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். சரியத் தொடங்கிவிட்டால் கையையும் காலையும் உள்ளே இழுத்து, ஹாண்டிலை இறுக்கிப் பிடித்திருங்கள். மாவுக்கட்டுக் காலில் விரல்கள் நீலமானாலோ, மருந்துக்கும் அடங்காத நோவு ஏறினாலோ இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மல்லாவி. தம்பி மோட்டார் சைக்கிளோடு மதகுக்குள் விழுந்துவிட்டான். லைசென்ஸ் இல்லாததால் ஆஸ்பத்திரியில் “தென்னையால விழுந்தவன்” என்று சொல்லிவிட்டோம். இனிப் பிரச்சினை வருமா?

பதில்: பொலிஸ் பிரச்சினையை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. மருத்துவர் நீங்கள் சொன்ன கதையை வைத்துத்தான் உடம்பைத் தேடுவார். தென்னையால் விழுந்தவர் என்றால் குதிக்காலையும் முதுகெலும்பையும் பார்ப்பார். மோட்டார் சைக்கிளில் எறியப்பட்டவர் என்றால் கழுத்து, வயிறு, தலை. பொய்க் கதை சொன்னால் பார்க்க வேண்டிய இடம் பார்க்கப்படாமல் போகும். இன்றே போய் உண்மையைச் சொல்லுங்கள். தலைக்கவசம் போட்டிருந்தானா, எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தான், வாந்தி எடுத்தானா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். வைத்தியம் பார்க்க லைசென்ஸ் தேவையில்லை.

வீட்டிலும் கவனியுங்கள். தலையில் அடிபட்டவர் எழும்பி நடந்து, தேநீர் குடித்துக் கதைத்துக்கொண்டிருப்பார். சில மணித்தியாலத்தில் மண்டைக்குள் இரத்தம் தேங்கி மயங்குவார். தலையிடி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப எழுப்ப உறங்குவது, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாவது, மூக்கால் காதால் தண்ணீர் போல வடிவது, வலிப்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்கக் கூடாது. இரத்தம் உறையாமல் மருந்து எடுக்கும் முதியவர்கள் மெதுவாக விழுந்திருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். தேர்ட் பாட்டி இன்சூரன்ஸ் உங்கள் வாகனத்தால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கானது. தானாக விழுந்த சாரதியின் காயத்துக்கு அதில் ஒரு சதமும் வராது. முழு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள், சாரதிக்கான தனிப்பட்ட விபத்துக் காப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் காட்டை லமினேற் செய்து வையுங்கள். பிறகு எந்த அலுவலகம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: உடையார்கட்டு. ரோட்டில் நெல் காயப்போடுவதால்தான் மோட்டார் சைக்கிள்காரர் விழுகிறார்கள் என்று எல்லோரும் எங்களைத் திட்டுகிறார்கள். நாங்கள் வேறு எங்கே காயப்போடுவது? நீங்களும் எங்களில்தான் பிழை சொல்வீர்களா?

பதில்: அண்ணை, நானும் வயல்காரர் பிள்ளைதான். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். தனியார் வியாபாரி ஈர நெல்லைக் கண்டால் விலையை இறக்குவான். மெசின் வெட்டி ஒரே நாளில் முழு வயல் நெல்லும் கையில் வந்து குவிகிறது. வீட்டு முற்றம் மணல். தளம் உள்ள இடத்தில் வரிசை. சூடான தார் ரோட்டுக்கு நீங்கள் வருவது வேறு வழி இல்லாமல்தான். ஊருக்கு ஊர் உலர்த்தும் தளம் கட்டித் தாருங்கள் என்று கமக்காரர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கேட்க வேண்டும், நானும் வந்து கையெழுத்து வைப்பேன்.

ஆனால் விழுந்தவர்களின் பக்கத்தையும் கேளுங்கள். நெல்மணி சில்லுக்குக் கீழே உருளும். அதற்கு மேல் பிறேக் பிடித்தால் ரயருக்குப் பிடிமானம் இருக்காது. அதை விட மோசம், நெல்லுக்குக் காவலாக வைக்கும் கற்களும் தடிகளும். நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் அவை ரோட்டிலேயே கிடக்கின்றன. பின்னேரம் மங்கலில் வருகிறவருக்குக் கல் தெரியாது. ஏறி விழுந்தால் அவர் தலை படுவது அடுத்த கல்லில்.

அதனால் தளம் கிடைக்கும்வரை இப்படிச் செய்யுங்கள். வளைவிலும், மதகுக்குக் கிட்டவும், ஏற்றத்துக்கு அந்தப் பக்கமும் போட வேண்டாம். ஒரு பக்கத்தை முழுவதாக விட்டுவிடுங்கள், எதிர்ப் பக்கத்து வீட்டாரும் நீங்களும் பேசி ஒரே பக்கத்தில் போடுங்கள். கல்லுக்குப் பதிலாக மண் நிரப்பிய வெள்ளை உரப்பையை வையுங்கள், தூரத்திலேயே தெரியும், ஏறினாலும் ஆளை எறியாது. பொழுதுபடுவதற்கு முன் அள்ளி, சிந்திய நெல்லையும் விளக்குமாற்றால் கூட்டிவிடுங்கள். அந்த மணிகளும் உங்கள் உழைப்புத்தானே.

கேள்வி: விழுந்து கிடப்பவரின் ஹெல்மெற்றைக் கழற்றலாமா? – புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: மூச்சு விடுகிறார், வாந்தி எடுக்கவில்லை என்றால் கழற்ற வேண்டாம். முன் கண்ணாடியை மட்டும் திறந்துவிடுங்கள். மூச்சு இல்லை, அல்லது வாய்க்குள் இரத்தமும் வாந்தியும் அடைக்கிறது என்றால் கழற்றத்தான் வேண்டும். இரண்டு பேர் தேவை. ஒருவர் கீழிருந்து கையை விட்டுத் தாடையையும் பிடரியையும் அசையாமல் தாங்க, மற்றவர் பட்டியை வெட்டி, ஹெல்மெற்றின் இரண்டு கன்னங்களையும் வெளிப்பக்கமாக விரித்து, தலையின் நேருக்கு மெதுவாக இழுக்க வேண்டும். அது கழன்று வந்த பிறகும், அம்புலன்ஸ்காரர் வந்து பொறுப்பெடுக்கும்வரை தலையைப் பிடித்த கையை எடுக்கக் கூடாது.